டிக்கெட் கல்லூரியின் செலவு, கேள்விகள் நம்முடையவை: அமெரிக்கக் கல்லூரிகளின் ‘ஃப்ளை-இன்’ பயணங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

“சார், இது ஏமாற்று வேலை இல்லையே?”

நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பங்களைப் படித்துப் பார்த்துத் தருவது என் வழக்கம். அங்கே வந்த ஒரு தந்தை கைப்பேசியை நீட்டி இப்படிக் கேட்டார். பெட்ரோல் பங்க்கில் இரவு வேலை பார்ப்பவர். மகள் பதினோராம் வகுப்பு. ‘எங்கள் வளாகத்தை வந்து பாருங்கள், விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் எங்கள் செலவு, விண்ணப்பியுங்கள்’ என்று ஒரு கல்லூரி மகளுக்கு எழுதியிருந்தது. சேருவதற்கு முன்பே டிக்கெட் போட்டுத் தருகிறவன் பிற்பாடு எதைக் கேட்பானோ என்பது அவருடைய கவலை. ஊரில் ஒரு சீட்டு நிறுவனத்திடம் சூடுபட்டவர். அந்தச் சந்தேகத்தில் எனக்குக் குறை தெரியவில்லை.

ஏமாற்று வேலை இல்லை. இதற்குப் பெயர் ‘ஃப்ளை-இன்’. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள், பெருநகரங்களுக்கு வெகு தொலைவில் கிராமப்புறங்களில் படிப்பவர்கள் ஆகியோரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மூன்று நாள் வளாகத்தில் தங்கவைத்து அனுப்பும் திட்டம். பௌடன் கல்லூரியின் ‘எக்ஸ்ப்ளோர் பௌடன்’, வில்லியம்ஸின் ‘விண்டோஸ் ஆன் வில்லியம்ஸ்’, ஆம்ஹெர்ஸ்டின் ‘ஆக்செஸ் டு ஆம்ஹெர்ஸ்ட்’, பேட்ஸ் கல்லூரியின் ‘ப்ரோலாக் டு பேட்ஸ்’, ஸ்வார்த்மோரின் ‘டிஸ்கவர் ஸ்வார்த்மோர்’ ஆகியவை பெயர்பெற்றவை. இவை எல்லாம் சில ஆயிரம் பேருக்கு மேல் மாணவர்கள் இல்லாத, இளநிலைப் படிப்புக்கே பேர்போன சிறிய கல்லூரிகள். பணம் நிறைய உண்டு. ஆனால் நம் வீடுகளில் ஹார்வர்டு தெரிந்த அளவுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. டிக்கெட் போட்டுக் கூப்பிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதைப் போன்றது இந்தப் பயணம். அவர்கள் வாசலில் கோலம் போட்டுத்தான் வைத்திருப்பார்கள். நாம் கொல்லைப்புறத்தையும் கிணற்றையும் பார்த்துவிட்டு வர வேண்டும். என் பார்வையில், ‘சேர்க்கை அலுவலகத்துக்கு விருப்பத்தைக் காட்டுவது எப்படி?’ என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பல பிள்ளைகள், அந்த இடத்தின் மேல் தங்களுக்கு விருப்பம் இருக்கிறதா என்பதை ஒருமுறைகூடச் சோதித்துப் பார்ப்பதில்லை. ஒழுங்காகப் பார்த்துவிட்டு வந்தவரிடம் காட்டுவதற்கான விருப்பம் தானாகவே இருக்கும்.

முதல் படி: அந்தக் கல்லூரி உங்கள் விருப்பத்தைக் கணக்கில் எடுக்கிறதா?

அமெரிக்கச் சேர்க்கை உலகில் ‘டெமான்ஸ்ட்ரேட்டட் இன்ட்ரெஸ்ட்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. இந்த மாணவருக்கு உண்மையிலேயே நம் கல்லூரியில் சேர எண்ணம் இருக்கிறதா, இல்லை, பத்தோடு பதினொன்றாக நம்மையும் சேர்த்துப் போட்டிருக்கிறாரா என்று கல்லூரி எடைபோடுவதுதான் அது. நான் இதை ‘விருப்பம் காட்டுதல்’ என்றே எழுதுகிறேன்.

கல்லூரிக்கு இதில் என்ன ஆதாயம்? 2,000 பேருக்கு இடம் கொடுத்து 500 பேர் வந்து சேர்ந்தால், சேர்ந்தோர் விகிதம் 25%. இதை அங்கே ‘யீல்டு’ என்கிறார்கள். எதிர்பார்த்ததற்குப் பதிலாக 400 பேர் மட்டும் வந்தால் விடுதி அறைகள் காலி, வரவு செலவில் ஓட்டை. 600 பேர் வந்துவிட்டால் படுக்கப் பாய் இல்லை. ஆகவே, இடம் கொடுத்தால் வந்துவிடுவார் என்று தோன்றுகிறவர் மேல் அவர்களுக்கு ஒரு சாய்வு உண்டு. லீஹை பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வளாகத்துக்கு நேரில் வந்த மாணவர்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுவதையும், நுழைவுத்தேர்வில் உயர்ந்த மதிப்பெண் எடுத்தவர்களுக்கே அந்தக் கூடுதல் அதிகம் என்பதையும் காட்டியது. யோசித்தால் புரியும். மிக நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பார்த்தால்தான் ‘இவர் எங்கே நம்மிடம் வரப்போகிறார்’ என்ற சந்தேகம் கல்லூரிக்கு எழுகிறது.

ஆனால் எல்லாக் கல்லூரிகளும் இதைப் பார்ப்பதில்லை. சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கமான நாக்காக் 2018 சேர்க்கைப் பருவத்துக்கு எடுத்த கணக்கில், சுமார் 16% கல்லூரிகள் விருப்பம் காட்டுதலுக்குக் கணிசமான முக்கியத்துவம் தருவதாகவும், இன்னொரு 24% நடுத்தர முக்கியத்துவம் தருவதாகவும் கூறின. சுமார் மூன்றில் ஒரு பங்கு, அதை அறவே பார்ப்பதில்லை என்றன.

உங்கள் கல்லூரி எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள யாரிடமும் கெஞ்ச வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் ‘காமன் டேட்டா செட்’ என்ற பொதுப் புள்ளிவிவரப் படிவத்தைத் தங்கள் தளத்தில் வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு இந்தச் சொற்களையும் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் ‘சி7’ என்ற பகுதிக்குப் போங்கள். மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் என்று வரிசையாக வரும் பட்டியலின் கடைசியில் ‘விண்ணப்பதாரரின் ஆர்வம்’ என்ற வரி இருக்கும். அதன் எதிரே ‘மிக முக்கியம்’, ‘முக்கியம்’, ‘கருதப்படும்’, ‘கருதப்படாது’ என்ற நான்கில் ஒன்றில் குறியிட்டிருப்பார்கள். ஹார்வர்டு, யேல், ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி எல்லாம் ‘கருதப்படாது’ என்ற பக்கம். எங்கள் நூலகத்தில் ஒரு மாணவன் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வரும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் மூன்று முறை திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். சி7-ஐக் காட்டிய பிறகுதான் அவன் கணக்குப் பாடத்துக்குத் திரும்பினான்.

ஃப்ளை-இன் நடத்தும் கல்லூரிகளிலேயே சில ‘கருதப்படாது’ என்று குறித்திருப்பதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அத்தகைய இடத்தில் பயணம் போனதற்காகத் தனி மதிப்பெண் கிடையாது. பயணத்தில் நீங்கள் கண்டதும், அது உங்கள் கட்டுரைக்குள் வருவதும்தான் லாபம்.

இரண்டாம் படி: நமக்குத் தகுதி உண்டா?

இங்கே சில நம்மவர்கள் கோபித்துக்கொள்ளலாம். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அப்பா மென்பொருள் துறையில், அம்மா வங்கியில், சொந்த வீடு என்றிருக்கும் குடும்பத்துக்கு இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் இல்லை. கல்லூரிகள் பார்ப்பது குடும்ப வருமானத்தையும் பெற்றோரின் படிப்பையும்தான். ‘முதல் தலைமுறை’ என்றால், பெற்றோர் இருவருமே இளநிலைப் பட்டம் பெறாதவர்கள் என்பது பரவலான பொருள். “என் பட்டம் மதுரையில் வாங்கியது, அமெரிக்காவில் அதற்கு மதிப்பு இல்லையே, ஆகவே என் மகன் முதல் தலைமுறைதான்” என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். வெளிநாட்டுப் பட்டமும் பட்டம்தான். விளக்கம் கல்லூரிக்குக் கல்லூரி சற்று மாறும். ஐயம் இருந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பொய்யாக மட்டும் குறிக்காதீர்கள். அதே விவரத்தைப் பின்னால் முழு விண்ணப்பத்திலும் நிதியுதவிப் படிவத்திலும் எழுத வேண்டிவரும்.

அதே சமயம், தகுதி இருந்தும் ஒதுங்கி நிற்கும் வீடுகளும் நம்மில் உண்டு: கடைகளில், உணவகங்களில், மோட்டல்களில் வேலை பார்ப்போர், முதியோர் இல்லங்களில் பணிபுரியும் தாய்மார்கள், போருக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து படிப்பு பாதியில் நின்றுபோனவர்கள். இந்தத் திட்டம் இவர்களுடைய பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான் தீட்டப்பட்டது.

விசா நிலையும் முக்கியம். சில திட்டங்கள் குடியுரிமையோ நிரந்தரவாசமோ கேட்கின்றன. வேறு சில, அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் படித்தால் போதும் என்கின்றன. ஆவணங்கள் இல்லாத மாணவர்களை ஏற்பவையும் உண்டு. வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்தாருக்கான ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் தனித்தனியாகப் படித்தாக வேண்டும்.

முன்பு பல ஃப்ளை-இன் திட்டங்களின் பெயரிலேயே பன்முகத்தன்மை, பல்லினப் பண்பாடு என்ற சொற்கள் இருக்கும். 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்கள் மீதான வழக்குகளில் இனத்தைச் சேர்க்கை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்று தீர்ப்பளித்த பிறகு பல கல்லூரிகள் பெயரையும் விதியையும் மாற்றி எழுதின. ஆகவே அக்காவுக்கோ அண்ணனுக்கோ நாலைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாம் படி: நாள்காட்டி

பதினோராம் வகுப்பின் இளவேனிலில், மார்ச் வாக்கில் தொடங்குங்கள். வசதி குறைந்த, நன்றாகப் படிக்கும் மாணவர்களைக் கல்லூரிகளோடு இணைக்கும் குவெஸ்ட்பிரிட்ஜ் என்ற அமைப்பின் ‘காலேஜ் ப்ரெப் ஸ்காலர்ஸ்’ திட்டத்துக்கு அப்போதுதான் விண்ணப்பிக்க வேண்டும். நால்வர் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 65,000 டாலருக்குக் கீழ் என்பது அவர்கள் சொல்லும் பொதுவான அளவு. தேர்வானால் சில கல்லூரிகளின் வளாகப் பயணத்துக்கும் அதன் வழியாகவே கதவு திறக்கும்.

கல்லூரிகளின் சொந்த ஃப்ளை-இன் விண்ணப்பங்கள் கோடையில் திறக்கும். கடைசி நாள் கோடை விடுமுறைக்குள்ளோ பள்ளி திறந்த சில நாட்களிலோ வந்துவிடும். பயணம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கோடையில் பள்ளி கவுன்சிலர்கள் விடுமுறையில் இருப்பார்கள், மதிப்பெண் பட்டியல் அனுப்ப ஆள் இருக்காது. ஜூன் மாதம் பள்ளி மூடும் முன்பே அதிகாரபூர்வமற்ற மதிப்பெண் பட்டியலின் ஒரு பிரதியை வாங்கி மின்கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பரிந்துரை கேட்கும் திட்டம் என்றால் ஆசிரியரிடமும் அப்போதே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாததால் நல்ல பிள்ளைகள் மூவர் வாய்ப்பை இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம்? கட்டணம் கிடையாது என்பதால் பதினைந்து, இருபது என்று போடத் தோன்றும். ஆறேழு போதும். இரண்டு மூன்றுக்கு மேல் போய்வந்தால் பன்னிரண்டாம் வகுப்பின் மிக முக்கியமான பருவத்தில் பள்ளி நாட்கள் கரைந்துவிடும்.

நான்காம் படி: விண்ணப்பம்

பொதுவாகக் கேட்பவை: பெயர், பள்ளி, குடும்ப வருமானம், பெற்றோர் படிப்பு, மதிப்பெண் பட்டியல், ஒன்றிரண்டு குறுங்கட்டுரைகள். பணம் கேட்கும் படிவமோ, கடன் அட்டை எண் கேட்கும் படிவமோ வந்தால் மூடிவிடுங்கள். கல்லூரியின் உண்மையான முகவரி ‘டாட் ஈடியு’ என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தந்தைக்கு நான் முதலில் காட்டியதும் அதைத்தான்.

குறுங்கட்டுரையில் நம் பிள்ளைகள் செய்யும் தவறு ஒரே மாதிரிதான். ‘உலகத்தரம் வாய்ந்த பேராசிரியர்கள், அழகான வளாகம், தலைசிறந்த கல்வி’ என்று கல்லூரியின் விளம்பரத்தையே அதற்குத் திருப்பி அனுப்புவார்கள். கல்லூரியின் பெயரை மாற்றிப் போட்டாலும் அந்தக் கட்டுரை பொருந்துகிறது என்றால் அதைக் கிழித்துப் போடலாம். அப்பா இரவு வேலைக்குப் போவதால் தம்பியைத் தானே பள்ளிக்கு அழைத்துப் போவதையும், பஸ் நேரத்துக்காக அறிவியல் மன்றத்தை விட்டதையும், அதற்குப் பதிலாக வீட்டுச் சமையலறையில் இட்லி மாவு புளிப்பதைக் கடிகாரம் வைத்துக் குறித்ததையும் அந்தத் தந்தையின் மகள் எழுதினாள். மாவு குளிர்காலத்தில் பொங்க எத்தனை மணி நேரம், கோடையில் எத்தனை என்று ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தாள். அதை எழுதலாம் என்று அவளுக்கே தோன்றவில்லை, பேச்சுவாக்கில் வெளிவந்தது.

தேர்வாகவில்லை என்றால்? ஃப்ளை-இன்னுக்குத் தேர்வாகாதது சேர்க்கை மறுப்பு ஆகாது. இருக்கும் படுக்கைகள் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம். வழக்கமான விண்ணப்பத்தைத் தயங்காமல் அனுப்பலாம்.

ஐந்தாம் படி: பயண ஏற்பாடு

டிக்கெட்டைக் கல்லூரியே எடுத்துத் தரும், அல்லது தன் முகவர் வழியாக எடுக்கச் சொல்லும். நீங்களாகவே வாங்கிவிட்டுப் பிறகு பணம் கேட்காதீர்கள். எழுத்தில் ஒப்புதல் இல்லாத செலவு உங்கள் தலையில் விழும். டிக்கெட்டில் உள்ள பெயர் அடையாள அட்டையில் இருப்பது போலவே இருக்க வேண்டும். நம் பெயர்களில் இனிஷியல் எங்கே, குடும்பப் பெயர் எங்கே என்ற குழப்பம் இருக்கிறதே, அது விமான நிலைய வரிசையில் நிற்கும்போது வெடிக்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழானவர்களிடம் உள்நாட்டுப் பயணத்துக்கு, விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை நடத்தும் டிஎஸ்ஏ அடையாள அட்டை கேட்பதில்லை. 18 நிரம்பிவிட்டால் ‘ரியல் ஐடி’ என்ற கூட்டரசுத் தரத்திலான அட்டையோ பாஸ்போர்ட்டோ தேவை. 2025 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் சிலருக்கு அக்டோபரிலேயே 18 முடிந்துவிடும், கவனியுங்கள்.

இந்தக் கல்லூரிகள் பல, விமான நிலையத்தின் வாசலில் இல்லை. வில்லியம்ஸுக்குப் போக ஆல்பனியில் இறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலைப் பயணம். பௌடனுக்கு மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்து, கார்ல்டனுக்கு மினியாபொலிஸ். கல்லூரி வண்டி எந்த வாசலில், எத்தனை மணிக்கு நிற்கும், விமானம் தாமதமானால் எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்பதைக் காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி மின்னேற்றம் தீரும் நேரம் பார்த்துத்தான் விமானம் தாமதமாகும்.

அக்டோபர் கடைசியில் வட மாநிலங்களில் குளிர் கடிக்கும். சைவம் என்றால் படிவத்திலேயே குறியுங்கள். பள்ளியில் வராத நாட்களுக்கு முன்கூட்டியே அனுமதிக் கடிதம் வாங்குங்கள். பெற்றோருக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. “தனியாக அனுப்ப மாட்டேன், நானும் வருவேன்” என்று நின்ற அம்மாக்களோடு நான் நிறையப் பேசியிருக்கிறேன். பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணை வாங்கிக் கொடுத்தால் பாதிச் சண்டை முடிந்துவிடும்.

ஆறாம் படி: வளாகத்தில் என்ன பார்ப்பது

நிகழ்ச்சி நிரல் அவர்கள் போட்டது: வரவேற்பு, வளாகச் சுற்று, ஒரு வகுப்பு, நிதியுதவிப் பேச்சு, மாணவர்களோடு இரவு உணவு, அறையில் தங்கல். பலவற்றில் நேர்காணலும் உண்டு. நடத்தை ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். விடுதியில் யாராவது மதுக்கோப்பையை நீட்டினால் அந்தக் கையெழுத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் முன்னால் கையை உயர்த்திக் கேள்வி கேட்டு அதிகாரியின் கண்ணில் பட வேண்டும் என்று சில பிள்ளைகள் துடிப்பார்கள். அதைவிட, அறையைப் பகிர்ந்துகொள்ளும் மாணவரிடம் இரவு பதினோரு மணிக்குக் கேட்கும் கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். நான் எழுதிக் கொடுக்கும் கேள்விகள் இவை.

தேங்க்ஸ்கிவிங் விடுமுறையிலும் டிசம்பர் விடுமுறையிலும் விடுதி திறந்திருக்குமா? திறந்திருந்தால் உணவகமும் திறந்திருக்குமா? ஊருக்குப் போய்வரப் பணம் இல்லாத பிள்ளைக்கு இது உயிர்க்கேள்வி. உணவகம் மூடிய வாரத்தில் ரொட்டியும் நூடுல்ஸும் வைத்து நாளைக் கடத்திய மாணவர்களை எனக்குத் தெரியும்.

நிதியுதவிக் கடிதத்தில் எழுதாத செலவுகள் என்னென்ன வந்தன? மருத்துவக் காப்பீடு, புத்தகம், ஆய்வகக் கட்டணம், குளிர்கால உடுப்பு, வீட்டுக்குப் போய்வரும் செலவு என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கோடையில் நீ சம்பாதித்து இத்தனை டாலர் தர வேண்டும் என்று கல்லூரி எதிர்பார்க்கிறதா? முதலாண்டில் கிடைத்த உதவி மூன்றாம் ஆண்டிலும் அதே அளவு கிடைத்ததா?

நிதியுதவி அலுவலகத்தில் நேராகக் கேட்க வேண்டியது: குடும்பத்தின் முழுத் தேவையையும் ஈடுசெய்கிறீர்களா? அதில் எவ்வளவு கடன், எவ்வளவு மானியம்? பௌடன் 2008 முதல் உதவித்தொகையில் கடன் வைப்பதில்லை. வில்லியம்ஸ் 2022இல் கடனோடு வளாக வேலை நிபந்தனையையும் நீக்கி, முழுவதையும் மானியமாக்கியது. எல்லோரும் இப்படி இல்லை. ‘தாராளமான உதவி’ என்ற சொல்லுக்கு எண் கேளுங்கள். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே கல்லூரித் தளத்தில் உள்ள ‘நெட் பிரைஸ் கால்குலேட்டர்’ என்ற கணிப்பானில் வருமானத்தைப் போட்டு வந்த தொகையைக் குறித்துக்கொண்டு போனால் பேச்சு நேராக விஷயத்துக்கு வரும். கூட்டரசு உதவி பெறும் கல்லூரிகள் அந்தக் கணிப்பானைத் தளத்தில் வைத்தே ஆக வேண்டும் என்பது 2011 முதல் சட்டம்.

வகுப்பில் உட்காரும்போது ஆசிரியரை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை மாணவர்கள் பேசுகிறார்கள், தவறாகப் பேசினால் என்ன நடக்கிறது, முடிந்த பிறகு யாராவது நின்று பேசுகிறார்களா என்று பாருங்கள். சாப்பாட்டுக் கூடத்தில், ஏற்பாட்டாளர்கள் சேர்த்துவைத்த மேசையை விட்டு ஒரு வேளையாவது வேறு இடத்தில் உட்காருங்கள். அறிவிப்புப் பலகைகளைப் படியுங்கள். மாணவர்கள் எதற்குக் கோபப்படுகிறார்கள் என்பது அங்கேதான் ஒட்டப்பட்டிருக்கும்.

இரவு தூங்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, அன்று கண்டதைப் பெயர், பாடம், பேச்சு என்று குறித்துவையுங்கள். இரண்டு மாதம் கழித்து ‘ஏன் எங்கள் கல்லூரி?’ என்ற கட்டுரைக்கு உட்காரும்போது இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும். நினைவை நம்பிய பிள்ளைகள் மறுபடியும் ‘அழகான வளாகம்’ என்றுதான் எழுதுகிறார்கள்.

ஏழாம் படி: திரும்பிய பின்

சந்தித்த அதிகாரிக்கும் தங்கவைத்த மாணவருக்கும் நாலைந்து வரியில் நன்றி எழுதுங்கள். அங்கே நடந்த ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டால் போதும். அதற்குப் பிறகு வாரம் ஒரு மின்னஞ்சல் தேவையில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் உங்கள் பகுதிக்கென ஒரு சேர்க்கை அதிகாரி இருப்பார். பல இடங்களில் உங்கள் விண்ணப்பத்தை முதலில் படிப்பவரும் அவர்தான். ‘கடைசி நாள் என்று?’ என்று அவரிடம் கேட்டால், தளத்தைக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் பதிவாகும். ‘எங்கள் பள்ளியில் மேல்நிலை இயற்பியல் நடத்த ஆள் இல்லை, நான் சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பு எடுக்கிறேன், அதன் மதிப்பெண்ணை எப்படி அனுப்புவது?’ என்பது உண்மையான கேள்வி. அதற்கு உண்மையான பதில் வரும்.

பதிவு என்றேனே, அதைச் சற்று விளக்க வேண்டும். ஏராளமான சேர்க்கை அலுவலகங்கள் ‘ஸ்லேட்’ போன்ற மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. கல்லூரிக் கண்காட்சியில் கையெழுத்திட்டது, இணையக் கூட்டத்துக்கு வந்தது, மின்னஞ்சலைத் திறந்தது எல்லாம் அதில் உங்கள் பெயருக்குக் கீழே விழும். எதைப் பொருட்படுத்துவது என்பது கல்லூரியின் விருப்பம். ஆகவே தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே மின்னஞ்சல், ஒரே மாதிரிப் பெயர். என் மகன் விஷயத்தில் நானே கெடுத்தேன். வளாகச் சுற்றுக்கும் இணையக் கூட்டங்களுக்கும் ஆர்வக்கோளாறில் என் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்துவிட்டேன். ஒரு கல்லூரியின் பதிவேட்டில், ஐம்பதைத் தாண்டிய நான் அக்கறையுள்ள மாணவன். என் மகன் அந்தப் பக்கமே வராதவன்.

பள்ளி மின்னஞ்சலும் வேண்டாம். பள்ளி முடிந்ததும் அது மூடப்படும். சில பள்ளிகள் வெளி அஞ்சலைத் தடுத்தும் வைக்கின்றன. பிள்ளையின் பெயரில் பெற்றோர் எழுதுவதும் வேண்டாம். பதினேழு வயதுப் பெண் ‘கைண்ட்லி டு தி நீட்ஃபுல்’ என்று எழுத மாட்டாள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பயணம் கிடைக்காதவர்களுக்கு

மேலே சொன்னபடி தகுதி இல்லாத குடும்பங்களும் தேர்வாகாதவர்களும் இவ்வளவு செய்தால் போதும்: சி7-இல் ஆர்வம் கருதப்படும் கல்லூரிகளுக்கு மட்டும், அஞ்சல் பட்டியலில் சேர்வது, ஓர் இணையக் கூட்டத்துக்குப் போவது, கல்லூரி அதிகாரி உங்கள் பள்ளிக்கு வரும் நாளில் தவறாமல் இருப்பது, நேர்காணல் உண்டென்றால் கேட்டு வாங்குவது. காரில் மூன்று மணி நேரத்தில் போகக்கூடிய கல்லூரிக்குப் போகாமல் இருந்தால் கேள்வி வரும். 2,000 மைல் தள்ளியிருப்பதற்கு வராது.

தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் இதற்காக விசா எடுத்துப் பறந்து வருவது வீண் செலவு. ஃப்ளை-இன் திட்டங்கள் மிகப் பெரும்பாலும் அமெரிக்காவுக்குள் இருப்பவர்களுக்குத்தான். இணையக் கூட்டமும் கவனமான கட்டுரையும் போதும். பாஸ்டனில் கோடையில் மாலை 7 மணிக் கூட்டம் நமக்கு மறுநாள் அதிகாலை 4.30, பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி நேரம் வைக்கின்றன, தேடிப் பாருங்கள். சென்னையில் யுஎஸ்ஐஇஎஃப் என்ற அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளையின் அலுவலகத்தில், அமெரிக்க அரசின் ‘எஜுகேஷன்யுஎஸ்ஏ’ ஆலோசனை மையம் இருக்கிறது. பணம் பறிக்கும் முகவர்களிடம் போகும் முன் அங்கே போங்கள். பணத்தேவையைப் பார்க்காமல் வெளிநாட்டவரையும் தேர்ந்தெடுக்கும் கல்லூரிகள் மிகச் சில. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மவுத், பௌடன் ஆகியவை அவற்றுள் சேரும்.

கடைசியாக, ‘எர்லி டிசிஷன்’

விருப்பம் காட்டும் வழிகளில் மிக உரத்தது இதுதான். நவம்பர் தொடக்கத்தில் விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் சேர்ந்தே தீருவேன் என்று மாணவர், பெற்றோர், கவுன்சிலர் மூவரும் ஒப்பமிடுவது. டிசம்பர் நடுவில் முடிவு தெரியும். உதவித்தொகை போதவில்லை என்றால் விலகலாம். ஆனால் மற்றக் கல்லூரிகளின் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு கையை விட்டுப் போய்விடும். பல ஃப்ளை-இன்கள் முடிந்த சில வாரங்களில் இந்தக் கடைசி நாள் வருவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. மூன்று நாள் விருந்து சாப்பிட்ட சூட்டில் கையெழுத்திடாதீர்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகட்டும், கணிப்பானில் வந்த எண்ணை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள். பிறகும் ஆசை இருந்தால் போடுங்கள். சாதாரண வழியில் விண்ணப்பித்து இடம் கிடைத்தாலும், ஏப்ரலில், மே 1 முடிவு நாளுக்கு முன், தேர்வானவர்களுக்கென இன்னொரு இலவசப் பயணம் தரும் கல்லூரிகள் உண்டு. அதைக் கேட்டு வாங்கலாம்.

அந்தப் பெட்ரோல் பங்க் தந்தையின் மகள் அக்டோபரில் போய்வந்தாள். சனிக்கிழமை நூலகத்துக்கு வந்தவள், “நான் அங்கே விண்ணப்பிக்கப் போவதில்லை” என்றாள். டிசம்பரில் ஐந்து வாரம் விடுதியை மூடிவிடுவார்களாம். அறைத் தோழி அந்த ஐந்து வாரமும் யார் யார் வீட்டுச் சோபாவிலோ படுத்திருந்ததைச் சொல்லியிருக்கிறாள். தந்தைக்கு முகம் விழுந்துவிட்டது. டிக்கெட் வாங்கிக்கொண்டு இப்படிச் செய்யலாமா, அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று என்னைத்தான் கேட்டார். அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து, அடுத்த பயணத்துக்குக் கேட்க வேண்டியவற்றின் பட்டியலில் அந்தக் கேள்வியை முதலிடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.